கமக்காரர் அறிந்திருக்க வேண்டிய காய்ச்சல் நோய்கள்

நுளம்பு, உண்ணி ஆகியவற்றாற் பரவும் நோய்களை இனங்காணலும் கண்காணித்தலும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கமத்தொழில் மழையையும் கிணற்றையும் நம்பி நடைபெறுகின்றது. ஐப்பசி தொடக்கம் மார்கழி ஈறாகப் பெய்யும் வடகீழ்ப் பருவமழையுடன் காலபோக நெல் வளர்கின்றது. மழை ஓய்ந்த பின்னர், செம்மண் தோட்டங்களிற் கிணற்று நீரைக் கொண்டு வெங்காயம், மிளகாய், கத்தரி, பீற்றூட் முதலியன செய்கை பண்ணப்படுகின்றன. இம்மழையும் இக்கிணறுமே காய்ச்சல் நோய்களைப் பரப்பும் சிற்றுயிர்கள் சிலவற்றுக்கும் வாழ்விடம் அளிக்கின்றன. ஆதலாற் பயிர்வேலை மிகுந்த காலமும் காய்ச்சல் மிகுந்த காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைகின்றன.

வேலைக்காலத்தில் வரும் காய்ச்சலைத் தடிமன் என்றும், வெயிலின் சூடு என்றும், மழையில் நனைந்தமையால் வந்தது என்றும் எண்ணிச் சில நாட்கள் பொறுத்திருத்தல் பலரது வழக்கம். இங்கு கூறப்படும் நோய்களுட் சிலவற்றில் அந்தச் சில நாட்களே உயிரைக் காக்கும் நாட்களாகும். காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முன்னர் எந்த இடத்தில் வேலை செய்யப்பட்டது ஆகிய இரண்டையும் தெளிவாகக் கூறவல்ல நோயாளிக்கு வைத்தியர் விரைவில் உதவ முடியும். இப்பிரசுரம் அதற்குத் துணை செய்யும் பொருட்டு எழுதப்பட்டது.

1. நோய் பரப்பும் சிற்றுயிர்கள்

குடாநாட்டிற் கமக்காரர் கவனிக்க வேண்டியவை மூன்று. அவை நுளம்பு, பற்றைகளில் வாழும் சிற்றுண்ணி, மாட்டுண்ணி என்பனவாம். இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாழ்விடமும் கடிக்கும் வேளையும் உண்டு.

நுளம்புகளில் நோய் பரப்புவன மூவகைப்படும்.

(அ) ஈடிஸ்: கரிய உடலிலும் கால்களிலும் வெண்கோடுகள் உடையது. பகலிற் கடிக்கும், காலையிலும், பொழுது சாயுமுன்னரும் மிகுதியாகக் கடிக்கும். வீட்டைச் சுற்றியுள்ள சிறு பாத்திரங்களில் தேங்கும் நீரில் முட்டையிடும். டெங்கு, சிக்குன்குனியா ஆகியவற்றைப் பரப்புவது இதுவே.

(ஆ) அனோபிலிஸ்: சுவரில் அமரும்போது தலையைத் தாழ்த்தி உடலின் பின்புறத்தை உயர்த்திச் சாய்வாக நிற்கும். மாலை தொடங்கி இரவிற் கடிக்கும். மலேரியாவைப் பரப்புவது இது.

(இ) கியூலெக்ஸ்: பழுப்பு நிறமானது. இரவிற் கடிக்கும். இதன் இனங்கள் சில அழுக்கு நீரிலும், வேறு சில நெல்வயல்களில் நிற்கும் நீரிலும் பெருகும்.

குடம்பிகளையும் வேறு பிரித்தறியலாம். வெண்ணிறக் கோப்பையொன்றில் நீரை மெல்ல அள்ளிப் பார்க்குமிடத்து, நீர்மட்டத்துக்குச் சமாந்தரமாகப் படிந்து கிடப்பது அனோபிலிஸ் குடம்பியாகும். வாற்புறத்துக் குழாயை நீர்மட்டத்தில் வைத்துத் தலைகீழாகத் தொங்குவன மற்றைய இரு வகைகளின் குடம்பிகளாகும். இவ்வேறுபாட்டைப் பாடசாலைச் சிறுவரும் ஒரு நாளிற் பழகிக்கொள்ளலாம்.

2. டெங்குக் காய்ச்சல்

இலங்கையில் டெங்கு நோய் 1962 ஆம் ஆண்டில் ஆய்வுகூடப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டது. 2017 இல் நாடெங்கும் 1,86,101 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். 2023 ஆம் ஆண்டின் இறுதியிலும் 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் யாழ்ப்பாண மாவட்டத்தில் டெங்கு கடுமையாகப் பரவியது. அது மாரிமழையை ஒட்டிய காலம் என்பதைக் கமக்காரர் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அறிகுறிகள்: திடீரெனக் கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணின் பின்புற நோவு, தசைகளிலும் மூட்டுக்களிலும் உளைவு, ஓங்காளம் என்பன தோன்றும். சிலருக்குத் தோலிற் செந்நிறப் புள்ளிகள் காணப்படும்.

இந்நோயிற் கவனிக்க வேண்டிய முக்கியமான விடயம் யாதெனில், ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும் வேளையிலேயே தொடங்குகின்றது. பொதுவாக மூன்றாம் நாளுக்குப் பின்னர் காய்ச்சல் குறையும். நோயாளி தேறிவிட்டார் என்று வீட்டார் எண்ணுவர். அவரும் தோட்டத்துக்குப் புறப்படுவார். சிலரில் அவ்வேளையில் இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, மயக்கம், கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், மூக்கு அல்லது முரசிலிருந்து இரத்தம் வடிதல், கறுப்பு நிற மலம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், காய்ச்சல் இல்லாதபோதும், உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

காய்ச்சல் தொடங்கிய நாளிலிருந்தே நோயாளி ஓய்வாக இருந்து, நீராகாரம் போதிய அளவு அருந்துதல் வேண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளிலும் நீடிக்குமாயின் இரத்தப் பரிசோதனை செய்வித்தல் அவசியம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதுவரை காத்திராது வைத்தியரைக் காணல் வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோலை உரிய அளவில் மாத்திரம் உட்கொள்க. அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற நோவு மருந்துகள் இரத்தக் கசிவை மிகுவிக்குமாதலால் அவற்றை அறவே தவிர்த்தல் வேண்டும்.

ஈடிஸ் நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கும். கோடையில் உலர்ந்து கிடந்த வாளி முதல் மழையில் நிறைந்தவுடன் குடம்பிகளைத் தருவது இதனாலேயே. எனவே நீரைக் கொட்டுவது மாத்திரம் போதாது. உட்சுவரை உரஞ்சித் தேய்த்தலும் வேண்டும்.

கடற்கரைக் கிராமங்களில் உள்ளோர் இன்னுமொன்றை அறிதல் நன்று. உவர் நீரில் டெங்கு நுளம்பு வளராது என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கரையோரங்களில் நடத்தப்பட்ட ஆய்வுகளில், ஓரளவு உப்புக் கலந்த நீரிலும் ஈடிஸ் குடம்பிகள் வளர்தல் கண்டறியப்பட்டுள்ளது. ஆகவே உவர்க் கிணறுகளையும், வள்ளங்களில் தேங்கும் நீரையும் விலக்கின்றிப் பார்வையிடுக.

3. மலேரியா: போனது மீண்டும் வராதிருக்க

1934, 1935 ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் வீடுதோறும் டீ.டீ.ரி. தெளிக்கப்பட்டது, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேரிலேயே நோய் காணப்பட்டது. நோய் ஒழிந்தது என்று கண்காணிப்புத் தளர்ந்தது. விளைவாக 1968, 1969 ஆம் ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். கண்காணிப்பைக் கைவிடுவதால் வரும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உள்நாட்டிலே தொற்றிய மலேரியா ஒழிக்கப்பட்டு, இறுதி நோயாளி 2012 ஒற்றோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில், முன்னர் இந்நாட்டில் அறியப்படாத அனோபிலிஸ் ஸ்டெபென்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டுபிடிக்கப்பட்டது. பின்னர் அது யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இந்நுளம்பே. ஆபிரிக்காவின் ஜிபுட்டி நாட்டில் 2012 இல் இது காணப்பட்ட பின்னர், அங்கு மலேரியா பன்மடங்கு பெருகியது.

இலங்கையில் முன்னர் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான இனம், வற்றும் ஆற்றுக் குட்டைகளில் மிகுதியாகப் பெருகியது. குடாநாட்டில் நிலையாக ஓடும் ஆறு இல்லை. புதிதாக வந்த இனமோ கிணறு, சீமெந்துத் தொட்டி, நீர்த்தாங்கி ஆகியவற்றின் தெளிந்த நீரில் வளர்கின்றது. வீட்டுக்கொரு கிணறும் தோட்டத்துக்கொரு தொட்டியும் உள்ள யாழ்ப்பாணத்துக்கு இது பெரிதும் கவனத்துக்குரிய செய்தியாகும். நுளம்பு மாத்திரம் நோயை உண்டாக்காது; நோய்க்கிருமியுள்ள ஒருவரைக் கடித்த பின்னரே அது பிறருக்குப் பரப்பும். இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்க நாடுகளிலிருந்தோ வந்த ஒருவரின் இரத்தத்தில் அக்கிருமி இருத்தல் கூடும்.

ஆதலால், யாத்திரை, வியாபாரம், தொழில் முதலிய காரணங்களால் அந்நாடுகளுக்குச் சென்று திரும்பியோர்க்கு ஓராண்டுக்குள் காய்ச்சல் வருமாயின், மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்வித்தல் வேண்டும். நடுக்கத்துடன் குளிர், பின்னர் கடுங்காய்ச்சல், அதன் பின் வியர்வை என்னும் ஒழுங்கு சிலரிற் காணப்படும். எல்லோரிலும் அவ்வாறு தோன்றும் என்பதில்லை. பரிசோதனையும் சிகிச்சையும் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும்.

4. உண்ணிக் காய்ச்சல்

இலங்கையில் உண்ணிக் காய்ச்சல் மிகுதியாக அறிவிக்கப்படும் மாவட்டங்களுள் யாழ்ப்பாணமும் ஒன்றாகும். மழைக்காலத்திலும் அதனை அடுத்த குளிர் மாதங்களிலும் நோயாளர் பெருகுகின்றனர். இதனைப் பரப்புவது மாட்டில் ஒட்டும் உண்ணியன்று. புல்லிலும் பற்றையிலும் வாழும் சிற்றுண்ணியின் இளம் பருவமே இதனைப் பரப்புகின்றது. அது ஒரு மில்லிமீற்றரிலும் மிகச் சிறியது; செம்மஞ்சள் நிறமானது; கண்ணுக்குப் புலப்படுவது அரிது. எலிகளில் ஒட்டி வாழும் அது, புல்லின் நுனியிற் காத்திருந்து, அவ்வழி செல்லும் மனிதரின் உடலில் ஏறி, ஆடை இறுக்கமாகப் படியும் இடங்களிற் கடிக்கின்றது. கடி வலிப்பதில்லை.

போர்க்காலத்திற் பல ஆண்டுகள் கைவிடப்பட்டுப் பற்றை மூடிக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்குவோர், வடலிகளின் இடையே விறகு பொறுக்குவோர், ஆடு மாடு மேய்ப்போர், வரம்பிற் புல் அறுப்போர், கிளுவை வேலி கட்டுவோர் ஆகியோர் இக்கடிக்கு எளிதில் ஆளாகின்றனர்.

கடித்து ஆறு முதல் இருபத்தொரு நாட்களுக்குள், பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாட்களிற் காய்ச்சல் தொடங்கும். தலையிடி, உடல் உளைவு, இருமல், நெறி கட்டுதல் ஆகியன கூடவரும். கடித்த இடத்திலே சுருட்டினாற் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகும். அதனைச் சுற்றித் தோல் சிவந்திருக்கும். இப்பொருக்கே இந்நோயின் சிறந்த அடையாளம். அது நோவைத் தராமையாலும், கமக்கட்டு, அரை, தொடையிடுக்கு, மார்பின் கீழ், முழங்காலின் பின்புறம், காதின் பின்புறம் போன்ற மறைவிடங்களில் இருத்தலாலும் நோயாளிக்கே தெரியாமற் போவதுண்டு. எல்லா நோயாளரிலும் அது காணப்படுவதுமில்லை.

உதாரணமாக, கமக்காரர் ஒருவர் மாத முதற்கிழமையிற் பற்றைக் காணியொன்றை வெட்டித் துப்புரவாக்குகின்றார் எனக் கொள்வோம். பத்து நாட்களின் பின் அவருக்குக் காய்ச்சல் வருகின்றது. அதற்குள் அவர் வெங்காய நடுகையில் ஈடுபட்டிருப்பதால், வைத்தியர் வினவும்போது தோட்ட வேலை என்று மாத்திரம் கூறுகின்றார். பற்றை வெட்டியதை அவரும் மறந்தார், வீட்டாரும் கூறிலர். சாதாரண காய்ச்சல் மருந்துடன் ஒரு கிழமை கழிகின்றது. அதற்குள் நோய் நுரையீரலையோ சிறுநீரகத்தையோ மூளையையோ தாக்குதல் கூடும். பற்றை வெட்டிய செய்தியும், கமக்கட்டிலுள்ள பொருக்கும் முதல் நாளிலேயே வைத்தியருக்குத் தெரிந்திருப்பின், டொக்சிசைக்கிளின் என்னும் மருந்து தொடங்கப்பட்டிருக்கும். அம்மருந்தினாற் பெரும்பாலோருக்கு இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் தணிந்துவிடும். பெனிசிலின் வகை மருந்துகள் இந்நோய்க்குப் பயன்படா. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஏற்ற மருந்தை வைத்தியரே தீர்மானிப்பார். இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை.

தற்காப்பு: பற்றை வெட்டும்போது நீண்ட கைச்சட்டையும், காலுறைக்குள் செருகிய நீண்ட காற்சட்டையும், சப்பாத்தும் அணிக. பூச்சி விரட்டும் களிம்பைக் கை கால்களிற் பூசுக. புல்லின் மேல் அமர்தலும், கழற்றிய சட்டையைப் பற்றையில் இடுதலும் தவிர்க்கத்தக்கன. வீடு திரும்பியவுடன் சவர்க்காரமிட்டு உடலை நன்கு தேய்த்துக் குளித்து, வேலை ஆடையைத் துவைத்தல் வேண்டும். வீட்டைச் சுற்றியுள்ள புல்லைக் கட்டையாக வெட்டியும், எலிகளை ஒழித்தும் வைத்திருத்தல் நன்று.

5. மாட்டுண்ணியும் மாட்டு நோய்களும்

மாட்டுண்ணிகள் கால்நடைகளிற் சில காய்ச்சல் நோய்களைப் பரப்புகின்றன. சிறுநீர் கோப்பி நிறமாகவோ இரத்த நிறமாகவோ போதல், கண்ணிமையின் உட்புறமும் முரசும் வெளிறுதல் அல்லது மஞ்சளாதல், காதின் கீழும் தோளின் முன்னும் நெறிக் கட்டிகள் வீங்குதல், இரை எடாமை, பால் திடீரெனக் குறைதல் ஆகியவை இந்நோய்களின் அடையாளங்கள். ஊர் மாடுகளைவிட ஜேர்சி முதலிய உயர்சாதிக் கலப்பு மாடுகள் இவற்றால் எளிதில் இறக்கின்றன. பெரும் விலை கொடுத்து வாங்கிய மாட்டை முதல் மாரியிலேயே இழக்காதிருக்க வேண்டுமாயின், உண்ணியைக் கண்காணித்தல் அவசியம்.

பெண் உண்ணி ஏறத்தாழ மூன்று கிழமை மாட்டில் ஒட்டி இரத்தம் குடித்து, நிலத்தில் விழுந்து, கொட்டிலின் வெடிப்புகளிலும் புல்லடியிலும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடும். ஆதலால் மாட்டை மாத்திரமன்றிக் கொட்டிலையும் துப்புரவாக வைத்தல் வேண்டும். காதின் உட்புறம், அலைதாடி, மடி, வாலடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களைக் கிழமைக்கு ஒரு முறை கையாற் தடவிப் பார்க்க. உண்ணி மருந்தைக் கால்நடை வைத்தியரின் ஆலோசனைப்படியே பூசுதல் வேண்டும். மருந்திட்ட பின் எத்தனை நாட்களுக்குப் பாலை விலக்க வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டறிக. பயிருக்குத் தெளிக்கும் பூச்சிகொல்லியை மாட்டின் மேற் பூசுவது மாட்டுக்கும் பூசுபவருக்கும் பால் குடிப்பவருக்கும் நஞ்சாகும்.

மனித உடலில் உண்ணி ஒட்டியிருப்பின், தோலை ஒட்டினாற்போற் சிறு சாமணத்தாற் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுக்க. நெருப்பாற் சுடுதலும், மண்ணெண்ணெய் இடுதலும், நகத்தால் நசுக்குதலும் கூடா.

6. கவனத்துக்குரிய வேறு நோய்கள்

சிக்குன்குனியா 2006 ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்திலும் வேறு மாவட்டங்களிலும் பரவியது. காய்ச்சல் தணிந்த பின்னரும் மூட்டு நோவு கிழமைக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீடித்து மண்வெட்டி பிடிக்கவும் இயலாது செய்யும். ஈடிஸ் நுளம்பை ஒழித்தலே இதற்கும் தடுப்பு.

யப்பானிய மூளையழற்சியை நெல்வயல் நீரிற் பெருகும் கியூலெக்ஸ் நுளம்புகள் பரப்புகின்றன. பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் இதன் கிருமி பெருகும். 1985, 1986 ஆம் ஆண்டுகளில் வடமத்திய மாகாணத்தில் இது கடுமையாகப் பரவியது. 1988 இல் தொடங்கிய தடுப்பூசியாற் பின்னர் பெரிதும் குறைந்தது. குழந்தைகளுக்கு இத்தடுப்பூசியைத் தவறாது இடுவிக்க. காய்ச்சலுடன் வலிப்பு, பிதற்றல், மயக்கம் தோன்றின் ஒரு கணமும் தாமதித்தல் ஆகாது.

எலிக்காய்ச்சல் நுளம்பாலோ உண்ணியாலோ பரவுவதன்று. எலியின் சிறுநீர் கலந்த வயல் நீரினாற் பரவுவது. எனினும் 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்தின் பின் இந்நோயாற் பலர் இறந்தமையாலும், தொடக்கத்தில் இது ஏனைய காய்ச்சல்களை ஒத்திருப்பதாலும் இங்கு குறிப்பிடப்படுகின்றது. வயலில் இறங்குவோர் இதற்கான தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திற் கேட்டுப் பெறலாம்.

7. கிழமைக்கு ஒரு முறை செய்யும் கண்காணிப்பு

நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் செல்லும். எனவே கிழமையில் ஒரு நாளைக் குறித்து, அந்நாளில் அரை மணி நேரம் ஒதுக்கினால், குடம்பி நுளம்பாகும் முன்னரே அழிந்துவிடும். மழைக்காலத்தில் ஒரு கிழமையேனும் தவறவிடலாகாது.

(அ) வீட்டு வளவு: கூரைப் பீலி, பூச்சாடித் தட்டு, சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர், கோழிக்கு நீர் வைக்கும் பாத்திரம்.

(ஆ) தோட்டம்: தெளிகருவி, மருந்து கலக்கும் வாளி, திரவப் பசளைப் பீப்பா, வெங்காயம் மூடும் படங்கின் மடிப்புகள், பயன்படாத நீர்க்குழாய்கள், நாற்றுத் தட்டங்கள்.

(இ) கிணறும் தொட்டியும்: வெள்ளைக் கோப்பையால் ஓரங்களில் ஐந்தாறு இடங்களில் நீரை அள்ளிப் பார்க்க. தொட்டியை ஒரு நாள் உலரவிட்டு உரஞ்சுக. கிணற்றை நுண்வலையால் மூடுக. பாழ்ங்கிணறு, துரவு ஆகியவற்றிற் குடம்பி உண்ணும் மீன்களை விடுதல் பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வினவுக.

(ஈ) வயல்: நீர் வடியக்கூடிய வயல்களில், பயிரின் நிலைக்கு ஏற்ப இடையிடையே நீரை வடித்து நிலத்தை உலரவிடின் குடம்பிகள் குறையும். வாய்க்காலிற் பாசியும் களையும் அகற்றப்படல் வேண்டும்.

(உ) கால்நடை: மேலே கூறியவாறு மாட்டையும் கொட்டிலையும் பார்வையிடுக.

(ஊ) உடல்: பற்றை வேலை செய்தவர் மூன்று கிழமை வரை உடலின் மறைவிடங்களைக் கவனித்து வருதல் வேண்டும். முதுகுப்புறத்தை வீட்டாரைக் கொண்டு பார்ப்பிக்க.

8. காய்ச்சற் குறிப்பு

பயிர்ச்செலவு எழுதும் கொப்பியின் இறுதித் தாளிலேயே இக்குறிப்பை எழுதி வைக்கலாம். எழுத வேண்டியவை:

காய்ச்சல் தொடங்கிய திகதியும் நேரமும்.
கடந்த மூன்று கிழமைகளில் வேலை செய்த இடங்கள்: வயல், தோட்டம், பற்றைக் காணி, மாட்டுக் கொட்டில், வெள்ள நீர்.
கடந்த ஓராண்டிற் சென்று வந்த வெளிநாடு.
உடலிற் பொருக்கு, புள்ளி, கடி உண்டா, எவ்விடத்தில்.
வீட்டிலும் அயலிலும் காய்ச்சலுற்றோர் எத்தனை பேர்.
உட்கொண்ட மருந்துகளின் பெயர்.

இத்தாளை வைத்தியரிடம் காட்டுக. ஒரே ஒழுங்கையில் இரண்டு மூன்று வீடுகளிற் காய்ச்சல் காணப்படின், மேலும் பரவுமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்தல் அயலார் யாவருக்கும் நன்மை தரும். நுளம்பு பெருக இடங்கொடுத்தல் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றமாகும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

9. செய்யத் தகாதவை

பயிர்ப் பூச்சிகொல்லியைக் கிணற்றிலோ தொட்டியிலோ ஊற்றற்க.
கழிவெண்ணெயைக் குடிநீர்க் கிணற்றில் இடற்க.
மீதமிருந்த பழைய மருந்துகளை வைத்தியரின் ஆலோசனையின்றி உட்கொள்ளற்க.
காய்ச்சல் விட்டது என்று மறுநாளே கடும் வேலைக்குச் செல்லற்க.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. டெங்கில் ஆபத்துக் காய்ச்சல் தணியும்போது தொடங்கும்.
2. பற்றை வேலைக்குப் பின் வரும் காய்ச்சலிற் கறுத்த பொருக்கைத் தேடுக. காணாவிடினும் வேலை செய்த இடத்தை வைத்தியருக்குக் கூறுக.
3. கிணற்றிலும் தொட்டியிலும் அனோபிலிஸ் குடம்பி காணப்படின் உடனே அறிவிக்க.
4. மாட்டின் சிறுநீர் நிறம் மாறின் அன்றே கால்நடை வைத்தியரை அழைக்க.
5. கிழமைக்கு ஒரு முறை வளவு, தோட்டம், கிணறு, கொட்டில் யாவற்றையும் சுற்றிப் பார்க்க.

பயிரிற் புழு விழுந்துள்ளதா என்று நாள்தோறும் இலையைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் யாழ்ப்பாணக் கமக்காரரிடம் இயல்பாகவே உண்டு. அந்தக் கண்ணைக் கிழமைக்கு ஒரு முறை கிணற்றின் மீதும், கொட்டிலின் மீதும், தம் உடலின் மீதும் செலுத்துவாராயின், மாரிக் காய்ச்சல்களாற் போகும் உயிர்களுட் பலவற்றைக் காத்தல் இயலும்.